ஊசியை மட்டும் மாத்துங்க அண்ணாச்சி

அண்ணாச்சி, உங்க ஆடியோ-டெக்னிக்கா எல்பி120எக்ஸ் டர்ன்டேபிள்ல (ரிக்கார்டு பிளேயர்ல) ரிக்கார்டோட ஒரு பக்கம் முடியுற நேரத்துல 'ஸ', 'ச' எல்லாம் சீறுது, மொத்தமா மாத்திரலாமான்னு கேட்டிருக்கீய. டர்ன்டேபிள்ல கை வைக்காண்டாம். உள்வட்டத்துக்கு வர வர ஊசிக்கடியில தடம் ஓடுற வேகம் குறையும், தடத்துல பதிஞ்ச ஒலி அலைகள் நெருங்கிரும். அங்கதான் அதோட கூட வந்த விஎம்95இ ஊசியோட நீள்வட்ட முனை திணறும். அதே கார்ட்ரிட்ஜ்ல (ஊசியைத் தாங்குற சின்னப் பெட்டியில) இன்னும் மெல்லிசான முனையுள்ள விஎம்95எம்எல் ஊசியைச் செருகிக்கிடலாம்.

அதுக்கும் முன்ன, ஊசி ரிக்கார்டு மேல அழுத்துற எடை 2 கிராம் இருக்கா, கார்ட்ரிட்ஜ் கோணல் இல்லாம உக்காந்திருக்கான்னு பாருங்க. ஊசி நுனியையும் லென்ஸ் வச்சுப் பாருங்க. பாளையங்கோட்டை ஆடிக் காத்துக்கு அதுல புழுதி உருண்டு கிடக்கும். பின்னாலயிருந்து முன்னால மட்டும் பிரஷ்ஷால தள்ளணும்.

நல்ல புது ரிக்கார்டு ஒண்ணு போட்டுக் கேளுங்க. அதுல சீறல் இல்லன்னா உங்க பழைய சினிமா ரிக்கார்டுதான் தேஞ்சிருக்கு. தேஞ்ச தடத்துக்கு முழு மருந்து எந்த ஊசியிலயும் கிடையாது.