'சாட்டிரிகான்' முடிவு: உங்கள் டிவிடியில் பழுதில்லை

வணக்கம். இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'சாட்டிரிகான்' படம் கடைசியில் ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே அறுந்துவிடுவதால் டிவிடி பழுதோ என்று கேட்டிருந்தீர்கள். 1969-இல் வெளிவந்த அந்தப் படமே அப்படித்தான் முடிகிறது. ரோமப் பேரரசன் நீரோ காலத்துப் பெட்ரோனியஸ் எழுதியதாகக் கருதப்படும் மூலநூல் துண்டு துண்டாகவே நமக்குக் கிடைத்திருப்பதால், அந்த இடைவெளிகளை ஒட்டுப்போட்டு மறைக்காமல் ஃபெலினி அவற்றையே படத்தின் வடிவமாக்கிக்கொண்டார். கதாநாயகன் என்கோல்பியஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் நின்றுபோக, அதுவரை பார்த்த முகங்கள் இடிந்த சுவர்களில் மங்கிய ஓவியங்களாகிவிடுவதை இன்னொரு முறை கவனித்துப் பாருங்கள். பணக்காரன் திரிமால்கியோவின் விருந்தில் முழுப் பன்றியின் வயிற்றைக் கிழித்ததும் சாசேஜ்கள் சரிந்து விழுவதும் மூலநூலில் உள்ளதே. இரண்டாம் பாதி எனக்கும் அலுப்பூட்டியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தச் சுவர்களுக்காகவே மீண்டும் பார்த்தேன்.