பழைய டிரக்கில் டிரெய்லர் இழுத்து மலை ஏறினால் எஞ்சின் சூடாகிறது, இழுவையும் போதவில்லை. என்ன செய்யலாம்?
முதலில் சூட்டைக் கவனியுங்கள், கூடுதல் பவர் என்றாலே கூடுதல் சூடுதான். ரேடியேட்டர் வெளியே பளிச்சென்று இருந்தாலும் உள்ளே குழாய்கள் பாதி அடைத்திருக்கலாம். அதை மாற்றி, ஃபேனைச் சுழல வைக்கும் ஃபேன் கிளட்ச் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்து, கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றி, 15 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி போட்டால் கொதிநிலை சுமார் 129 டிகிரி செல்சியஸுக்குப் போய்விடும். கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் அதன் ஆயிலுக்குத் தனிக் கூலர் கட்டாயம்.

அப்புறம் இழுவை. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் பவரை இழக்கும், அதற்கு வழியில்லை. செலவு செய்வதானால் பின் ஆக்சிலின் பல் விகிதத்தை 3.08 போன்றதிலிருந்து 3.73க்கு மாற்றுங்கள், எஞ்சினைத் தொடாமலே சக்கரத்தில் விசை கூடும். ஏற்றத்தில் முன்கூட்டியே கியரைக் குறைத்தால் எஞ்சின் வேகம் கூடி, கூலண்டை ஓடவிடும் வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றும்.