மைதான வாசலில் ஒரு சாக்கு ஸ்கார்ஃப்

கேள்வி: அன்புள்ள அம்மா, நான் மதுரைக்காரன். லண்டனில் மாணவர் விசாவில் முதுகலை படிக்கிறேன். கல்விக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. நான் தங்கியிருக்கும் இடத்திலிருந்து ஆர்சனல் கால்பந்து மைதானம் நடக்கும் தூரம். நம் ஊர்க்கார அண்ணன் ஒருவர், ஆட்ட நாள்களில் வாசலில் நின்று ஸ்கார்ஃப் விற்கச் சொல்கிறார். ஒன்றுக்கு 4 பவுண்டு அவருக்கு; 10 பவுண்டுக்கு விற்றால் மீதி எனக்கு. பணம் பிறகு கொடுத்தால் போதும், ஆனால் விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாராம். "இவை கிளப்பின் அதிகாரபூர்வச் சரக்கு அல்ல என்று ஓர் அட்டையில் எழுதி வைத்துவிடு, சட்டம் ஒன்றும் செய்யாது, நான் பத்து வருடமாக இந்த வியாபாரத்தில் இருக்கிறேன்" என்கிறார். வருகிற சனிக்கிழமை ஆட்டத்துக்கான 50 ஸ்கார்ஃப் என் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கில் கிடக்கிறது. சேப்பாக்கம் வாசலில் மஞ்சள் சட்டை விற்பதைப் பார்த்தவன்தானே நான்? கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கிளப்புக்கு என் ஐம்பது ஸ்கார்ஃபால் என்ன நஷ்டம்? இது தவறா? (பெயர் வேண்டாம், வடக்கு லண்டன்)

பதில்: தம்பி, அந்தச் சாக்கைச் சனிக்கிழமைக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காரணங்களைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

கடிதம் முழுக்கக் கிளப்பைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியது 'மாணவர் விசா' என்று போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த இரண்டு சொற்கள். பிரிட்டனில் அந்த விசாவில் பட்டப்படிப்பு படிக்கிறவர் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அது ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்குப் பார்க்கும் வேலையாக இருக்க வேண்டும். சுயதொழில் கூடாது, வாரத்தில் ஒரு மணி நேரம்கூடக் கூடாது. நாலு பவுண்டுக்குச் சரக்கெடுத்து, பத்துக்கு விற்று, லாபத்தையும் நஷ்டத்தையும் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறவருக்குப் பெயர் வியாபாரி. அண்ணன் உங்களுக்கு வேலை கொடுக்கவில்லை, கடை வைத்துக் கொடுத்திருக்கிறார். இது தெரியவந்தால் விசாவை ரத்து செய்ய உள்துறைக்கு அதிகாரம் உண்டு. பத்து வருடமாக இந்த வியாபாரத்தில் இருக்கிறாரே, அவர் என்ன விசாவில் இருக்கிறார் என்று கேட்டீர்களா? குடியுரிமை வாங்கியவருக்கும் உங்களுக்கும் ஒரே சாலையில் வேறு வேறு விதி.

இந்த ஒரு காரணமே போதும். ஆனாலும் அந்த அட்டை விஷயத்தை என்னால் விட முடியவில்லை. 'அதிகாரபூர்வமானது அல்ல' என்று எழுதி வைத்தால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் ஏறி இறங்கிய சரித்திரம் கொண்டது. அதுவும் நீங்கள் நிற்கப்போகும் அதே பேட்டையில்.

ஆர்சனல் இப்போதைய மைதானத்துக்கு வந்தது 2006-இல்தான். அதற்கு முன் 1913 முதல் ஹைபரி மைதானம். அந்த ஹைபரியின் வெளியே 1970 முதல் கடை போட்டு ஸ்கார்ஃப், சட்டை, தொப்பி விற்றுவந்தவர் மேத்யூ ரீட். கிளப் தன் பெயரையும் பீரங்கிச் சின்னத்தையும் கேடயச் சின்னத்தையும் வணிகக் குறிகளாக (டிரேட்மார்க்) பதிவு செய்தது 1989-இல். அதாவது பதிவுக்குப் பத்தொன்பது வருடம் முன்பே ரீட் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் கடையில் ஒரு பெரிய பலகையும் இருந்தது. சரக்கின் மேல் இருக்கும் பெயரும் சின்னமும் அலங்காரத்துக்கு மட்டுமே, கிளப்போடு எந்தத் தொடர்பையும் குறிக்கவில்லை, அதிகாரபூர்வ அட்டை தொங்கும் சரக்குதான் அதிகாரபூர்வமானது என்று அதில் எழுதியிருந்தார். உங்கள் அண்ணன் சொல்லும் அட்டைக்கு அதுதான் பாட்டன்.

கிளப் வழக்குப் போட்டது. ரீடின் வாதத்தை நம் ஊர்க் கண்ணால் பார்த்தால் சட்டென்று விளங்கும். கட்சி மாநாட்டுப் பந்தலுக்கு வெளியே கரை போட்ட துண்டு விற்கிறார்கள். வாங்குகிறவர் 'இது கட்சித் தலைமையகத்தில் நெய்தது, தரம் நன்றாக இருக்கும்' என்று நினைத்தா வாங்குகிறார்? தோளில் போட்டுக்கொண்டு 'நான் இந்தக் கட்சி' என்று சொல்வதற்கு வாங்குகிறார். ஸ்கார்ஃபில் இருக்கும் பீரங்கியும் அப்படித்தான், அது விசுவாசத்தின் அடையாளம், சரக்கு யாரிடமிருந்து வருகிறது என்று சொல்லும் முத்திரை அல்ல என்றார் ரீட். உயர் நீதிமன்ற நீதிபதி லாடி இதில் நியாயம் கண்டார். கிளப்பின் சரக்கு என்று ஏமாந்து வாங்கினார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்றார். வணிகக் குறிச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும்படி லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தைக் கேட்டார்.

2002 நவம்பரில் வந்த பதில் கிளப்பின் பக்கம் சாய்ந்தது. வாங்குகிறவர் விசுவாசத்துக்காக வாங்குகிறாரா என்பது பொருட்டல்ல என்றது அந்த நீதிமன்றம். பலகையைப் பற்றி அது சொன்னதை மட்டும் நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். பலகை கடையில்தான் நிற்கும், ஸ்கார்ஃப் நடந்து போய்விடும். அதை வேறு தெருவில், வேறொருவர் கழுத்தில் பார்க்கிறவருக்குப் பலகை தெரியாது. கிளப்பின் சரக்கு என்றுதான் சிலர் எடுத்துக்கொள்வார்கள். அண்ணனின் அட்டை இந்த இடத்தில் கிழிந்துவிடுகிறது.

கதை அத்துடன் முடியவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. லாடி சும்மா இருக்கவில்லை. 'சட்டத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டால் வழக்கின் உண்மைகளையும் சேர்த்துத் தீர்மானித்துவிட்டீர்கள், அது உங்கள் வேலை அல்ல' என்ற பொருளில் எழுதி, அடுத்த மாதமே ரீடுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2003 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கிளப் வென்றது. முப்பது வருடத்துக்கு மேல் நின்ற மனிதர், தெளிவான பலகை, பக்கத்தில் நின்ற ஒரு நீதிபதி, இவ்வளவும் இருந்தும் தோற்றார். உங்களிடம் ஒரு அட்டைதான் இருக்கிறது.

ரீட் மேல் இருந்தது சிவில் வழக்கு. அதே 1994-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தில் குற்றவியல் பிரிவும் உண்டு. அனுமதியில்லாமல் பதிவு செய்த குறி போட்ட சரக்கை விற்பது மட்டுமல்ல, விற்பதற்காக வைத்திருப்பதே அதில் குற்றம். கட்டிலுக்கு அடியில் இருக்கும் சாக்கைத்தான் சொல்கிறேன். உச்சபட்சத் தண்டனை பத்து ஆண்டுச் சிறை. ஐம்பது ஸ்கார்ஃப் விற்றவரை அந்த உச்சத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஆனால் விசாவில் இருக்கிறவருக்குச் சிறிய தண்டனையே பெரிய தண்டனை. குறியை மீறவில்லை என்று நியாயமாக நம்பியதை நிரூபித்தால் தப்பிக்க ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. இந்தப் பதிலைப் படித்த பிறகு உங்களுக்கு அதுவும் அடைபட்டுவிட்டது, மன்னிக்கவும்.

தெருவில் கடை பரப்ப உள்ளாட்சி மன்றத்தின் உரிமமும் வேண்டும். இல்லாமல் விற்றால் 1,000 பவுண்டு வரை அபராதம், சரக்கையும் அள்ளிக்கொண்டு போவார்கள். தலைச்சுமை வியாபாரிக்கு என்று 1871-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. காவல்துறையிடம் 12.25 பவுண்டு கட்டிச் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் லண்டனில் அந்தச் சான்றிதழோடு வீடு வீடாகப் போய்த்தான் விற்க முடியும். மைதான வாசலில் அது செல்லாது.

சட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கணக்குக்கு வருவோம். தங்கை மகனோடு ஒரு முறை நானும் ஆட்டம் பார்க்கப் போனேன். சுரங்க ரயிலில் இறங்கினால் நிலையத்தின் பெயரே ஆர்சனல். 1932-இல் கிளப்புக்காக மாற்றிய பெயர். வெளியே ஒருவர் இரண்டு முன்கைகளிலும் ஸ்கார்ஃபை அடுக்கிப் போட்டுக்கொண்டு, துணிக்கடை பொம்மைபோல் நின்றிருந்தார். பாதி ஓர் அணியின் நிறம், பாதி எதிரணியின் நிறம். நடுவில் அன்றைய தேதி. போகும்போது விலை பத்து. இடைவேளைக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. திரும்பும்போது அதே ஆள் அதே இடத்தில், ஐந்து என்று கூவிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் மூன்று. நனைந்த கம்பளி நூல் கையோடு ஒட்டிக்கொண்டு, சிவப்புச் சாயம் அவருடைய சட்டைக் கையில் இறங்கியிருந்தது. தேதி போட்ட சரக்குக்கு ஆயுள் தொண்ணூறு நிமிடம். நாளைக்கு அதைப் பால்காரர் வீட்டுத் தயிராகக்கூட மாற்ற முடியாது.

உங்கள் சாக்கிலும் தேதி போட்டிருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கான சரக்கு என்று நீங்கள் எழுதியிருப்பதால் போட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படியென்றால் அதில் எதிரணியின் சின்னமும் இருக்கும். ஒரே துணியில் இரண்டு உரிமையாளர்களின் குறி. ஐம்பதுக்கு 200 பவுண்டு. இருபது விற்றால்தான் கைமுதல் தேறும். மழை வந்து பன்னிரண்டோடு நின்றுபோனால் 80 பவுண்டு கடன். அண்ணனுக்கோ வெயிலானாலும் மழையானாலும் 200. அதிகாரி வந்து அள்ளிக்கொண்டு போனாலும் 200. அவர் சனிக்கிழமை உங்களோடு வந்து நிற்பாரா? கடிதத்தில் நீங்கள் மட்டும்தான் நிற்கிறீர்கள்.

இது தவறா என்று கேட்டிருந்தீர்கள். ரீட் செய்தது திருட்டு என்று என் மனம் ஒப்பவில்லை. பாட்டி பேரனுக்குப் பின்னிக் கொடுத்த கழுத்துத் துணியில் தொடங்கிய வழக்கம் அது. கிளப்புகள் தங்களுக்கென்று கடை திறந்தது பிறகு. அதே சமயம், பிறர் பெயரைப் போட்டுச் சம்பாதிப்பது நம் உழைப்பு மட்டும் அல்ல என்பதும் உண்மை. கிளப் பணக்காரன் என்பது ஒரு நியாயமே அல்ல. பணக்காரன் வீட்டுத் தென்னையில் ஏறினாலும் தேங்காய் அவனுடையதுதான். சேப்பாக்கத்தில் விற்கிறார்களே என்கிறீர்கள். அங்கே விற்பவருக்கு விசா என்ற கயிறு கழுத்தில் கிடையாது.

பணம் வேண்டும், மைதானத்தின் சத்தமும் பிடித்திருக்கிறது. அப்படியானால் அதே வாசலுக்கு உள்ளே போங்கள். ஆட்ட நாளில் மட்டும் வேலை பார்க்க உணவுக் கடைகளுக்கும், இருக்கை காட்டவும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும், கிளப்பின் சொந்தக் கடைக்கும் ஆள் எடுப்பார்கள். வரி பிடித்துச் சம்பளச் சீட்டு தருகிற வேலையா, எல்லா வேலையும் சேர்த்து வாரம் 20 மணி நேரத்துக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசனைப் பிரிவில் கேளுங்கள், காசு வாங்க மாட்டார்கள். யாராவது டிக்கெட் விற்றுத் தா என்று சொன்னால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது இங்கே தனிக் குற்றம்.

வியாபார ஆசை உண்மையான ஆசை என்றால், படிப்பு முடிந்து கிராஜுவேட் விசா வாங்கிய பிறகு சுயதொழில் செய்யலாம். அப்போது சின்னமும் பெயரும் இல்லாமல் யோசியுங்கள். 2010-இல் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள், கிளப்பை வாங்கிய கிளேசர் குடும்பத்தின் மேல் கோபத்தில், கிளப்பின் சிவப்பைக் கழற்றிவிட்டுப் பச்சையும் பொன்னிறமும் கலந்த ஸ்கார்ஃபைக் கழுத்தில் போட்டார்கள். 1878-இல் நியூட்டன் ஹீத் என்று ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய காலத்து நிறம் அது. அந்த மார்ச்சில் மிலான் அணிக்காக ஆட வந்து தோற்ற டேவிட் பெக்கமே ஒன்றை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வெளியேறினார். இரண்டு நிறம், ஒரு கோபம், சின்னமே தேவைப்படவில்லை. ரசிகர்களின் மனசு தெரிந்தவர் இப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பார். உங்களுக்குத் தெரிகிறதா என்று பார்க்க இன்னும் ஒரு வருடம் அவகாசம் இருக்கிறது.

இனி சாக்கு. அண்ணனிடம் தர்மம், சட்டம் என்று பேச வேண்டாம், ஊர்க்காரர் மனம் கசக்கும். "விசா விதியில் சுயதொழில் கூடாதாம் அண்ணே, எனக்கு இப்போதுதான் தெரிந்தது" என்று ஒரே வரியில் சொல்லுங்கள், உண்மையும் அதுதான். வியாழக்கிழமைக்குள் சொன்னால் சனிக்கிழமைக்கு வேறு ஆளைத் தேட அவருக்கு நேரம் இருக்கும், கோபமும் பாதியாகும். ஐம்பதையும் அவர் முன்னால் எண்ணிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் 'ஐம்பதும் ஒப்படைத்தேன்' என்று ஒரு செய்தி போடுங்கள். எடுத்துக்கொள்ள மாட்டேன், இருநூறைக் கொடு என்று முரண்டு பிடித்தால் மாதம் இருபதாகத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, சாக்கை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கூட அறைத் தோழர் ஒருவரை அழைத்துப் போங்கள். ஐம்பது கம்பளித் துணி, தனியாகத் தூக்கினால் தோள் வலிக்கும்.