நெட்வொர்க் கருவி அறைக்கு மீந்து கிடக்கும் இடம் போதுமா?

ஒவ்வொரு தளத்திலும் காலியாக இருக்கும் ஒரு சிறு அறையை நெட்வொர்க் கருவிகளுக்கு ஒதுக்கினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இடத்தைத் தீர்மானிப்பது கேபிளின் நீளம். கருவிகளைக் கம்பி வழியே இணைக்கும் ஈதர்நெட் முறையில், செம்புக் கேபிள் இணைப்பு, இரு முனைகளிலும் செருகும் வயர்களையும் சேர்த்து, 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதில் நிலையாகப் பதிக்கும் பகுதிக்கு 90 மீட்டர்தான் வரம்பு. கேபிள் கூரைக்கு ஏறி, தாழ்வாரத்தில் வளைந்து, மீண்டும் கீழே இறங்கும் என்பதால், அறை தளத்தின் நடுவிலும், மற்ற தளங்களின் அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் அமைவதே நல்லது.

அடுத்தது தண்ணீர். கழிப்பறைக்குக் கீழே இந்த அறையை ஒருபோதும் வைக்காதீர்கள். நான் திறந்து பார்த்த ஒரு ரேக்கில் (கருவிகளை அடுக்கும் அலமாரி), மேலே சென்ற குழாயிலிருந்து பல மாதங்களாகச் சொட்டிய நீரால் கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் கருவியான ஸ்விட்சின் போர்ட்டுகளில், அதாவது கேபிள் செருகும் துளைகளில், பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் பூட்டை மட்டும் நினைக்கிறார்கள். சுவர் பொய்க்கூரையோடு நின்றுவிட்டால், ஒரு பலகையை நகர்த்தி எவரும் உள்ளே இறங்கலாம். எனவே சுவர் மேல்தளக் கான்கிரீட் வரை எழ வேண்டும். துடைப்பமும் வாளியும் வைக்க அந்த அறையைப் பகிரவே கூடாது, ஏனெனில் சாவி பலர் கைக்குப் போய்விடும்.

வெப்பநிலை 18 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள் இரவும் பகலும் இருக்க வேண்டும். கட்டடத்தின் பொதுக் குளிர்சாதனம் விடுமுறை நாள்களில் நிறுத்தப்படும் என்பதால், தனி ஏசி அவசியம். கேமராக்களும் தொலைபேசிகளும் ஸ்விட்ச் வழியாகவே மின்சாரம் பெறுமானால், யுபிஎஸ்ஸின் திறனை அந்தச் சுமையையும் கூட்டியே கணக்கிடுங்கள்.