பட்டன், பட்டன்னே சொல்லுது!

கேள்வி: எனக்கு பார்வை கிடையாதுங்க, குன்னூர்ல ஒரு ஆபீஸ்ல சிஸ்டம் அட்மின். புதுசா வாங்கின மானிட்டரிங் சாஃப்ட்வேர்ல என்விடிஏ (திரையில இருக்கிறதை வாசிச்சு சொல்ற ஸ்க்ரீன் ரீடர்) 'பட்டன், பட்டன்'னு மட்டும்தான் சொல்லுது, எந்த சர்வர் டவுன்னு பக்கத்து சீட்ல கேக்க வேண்டியிருக்கு. என்ன பண்றது? – ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: சாஃப்ட்வேர் செஞ்சவங்க ஐகானுக்கு பேரே வைக்கலைங்க, பேரு இல்லாததை ஸ்க்ரீன் ரீடர் எப்படி வாசிக்கும்? சிவப்பு, பச்சைன்னு கலர்ல மட்டும் ஸ்டேட்டஸ் காட்டுறதும் அதே கதைதான். முடிஞ்ச வரைக்கும் கமாண்டு பக்கம் போயிடுங்க, பவர்ஷெல்லும் (விண்டோஸ்ல கமாண்டு அடிக்கிற இடம்) எஸ்எஸ்எச்சும் (வேற மெஷினுக்குள்ள போய் கமாண்டு அடிக்கிற வழி) வெறும் எழுத்துதான், கெட்-சர்வீஸ்னு அடிச்சா எந்த சர்வீஸ் ஓடுது, எது நின்னிருக்குன்னு வரிவரியா வரும், நீளமா வந்தா சிஎஸ்வியா (கமா போட்டுப் பிரிச்ச டேபிள் ஃபைல்) மாத்தி எக்செல்ல திறந்து ஏரோ கீயில நிதானமா கேட்டுக்கலாம். அந்த சாஃப்ட்வேருக்கு ஏபிஐ (ஸ்க்ரீனைத் தொடாம கமாண்டு வழியா தகவலை எடுக்கிற வசதி) இருந்தா பாதி தலைவலி தீந்துச்சு.

வேற மெஷினுக்குள்ள போகணும்னா என்விடிஏ 2025.1லேர்ந்து ரிமோட் ஆக்சஸ் உள்ளயே இருக்கு, ஆனா ரெண்டு பக்கமும் என்விடிஏ ஓடணும். நம்ம மலைல மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போய் வந்து சர்வர் பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற ஸ்க்ரீன்) நின்னுட்டா (இது உங்களுக்கு சொல்லவா வேணும்) அங்க என்விடிஏ பேசாது, அதுக்கு சீரியல் கன்சோல் (அந்த ஸ்க்ரீனை எழுத்தா வேற மெஷினுக்கு அனுப்புறது) இருக்கிற சர்வரா வாங்கச் சொல்லுங்க. இனிமே எதை வாங்கினாலும் டெமோவை நீங்க கீபோர்டுலயே ஓட்டிப் பாத்த பிறகுதான் கையெழுத்துன்னு மேனேஜர்கிட்ட கறாரா சொல்லிடுங்க.