செல்லுக்குள் சரக்கு சுமக்கும் புரதங்களைப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி எதற்கு? சாதாரண மைக்ராஸ்கோப் போதாதா?

போதாது. திருப்பூரில் பனியனைப் பெட்டி கட்டி லாரி ஏற்றுகிறோமே, செல்லுக்குள்ளும் அதே பிழைப்புதான். பல புரதங்கள் ஒன்றாகச் சேர்ந்து சரக்கைக் கட்டிச் சுமக்கின்றன; அந்தச் சேர்க்கையே புரதக் கூட்டமைப்பு. கிளாத்ரின் என்ற புரதம் சரக்கைச் சுற்றி ஐங்கோணமும் அறுகோணமுமாகக் கூடையே முடைகிறது. கூடையின் அகலம் சுமார் 100 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ கிட்டத்தட்ட 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அலை கூடையைவிடப் பெரிதாக இருப்பதால், சாதாரண மைக்ராஸ்கோப்பில் அந்தப் பின்னல் தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு பவானி ஜமக்காளத்தை உள்ளங்கையால் தடவினால் இழையை எண்ண முடியுமா? ஊசிமுனை வேண்டும். அலைநீளம் மிகக் குறைந்த எலக்ட்ரான்தான் அந்த ஊசி.

புரதத்தை நொடிப்பொழுதில் உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்கும் முறைக்கு 2017இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இந்த முறையில் கிடைப்பது வீடியோ என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உறைந்த நிலையில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைக் கணினியில் சேர்த்துக் கிடைக்கும் முப்பரிமாண வடிவம் இது.