சிறு வீட்டில் காகிதம்: வாங்குவதும் வைப்பதும் குறித்த வாசகர் கேள்விகள்

சமையலறைச் சுருள், டிஷ்யூ, கழிவறைத் தாள், பட்டர் பேப்பர், நோட்டுப் புத்தகம் எனக் காகிதம் பல வடிவங்களில் நம் வீடுகளுக்குள் வருகிறது. சுற்றுச்சூழலைக் கெடுக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும் என்ற அக்கறையும், வாங்கியதை வைக்க இடமில்லையே என்ற கவலையும் இம்முறை வந்த கேள்விகளில் ஒன்றாகவே கலந்திருந்தன. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே என் கருத்து. எவ்வளவு நல்ல காகிதமானாலும், ஈரத்தில் பூத்துக் குப்பைக்குப் போனால் அதை உருவாக்கச் செலவான நீரும் நாரும் மின்சாரமும் வீணாகிவிடும்.

மூங்கில், கரும்புச் சக்கை, மறுசுழற்சி என்று மூன்று வகைச் சமையலறைச் சுருள்கள் கிடைக்கின்றன. எதை வாங்குவது?
— வாசகி, வேளச்சேரி

முதலில் ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வேலைக்குக் காகிதம் தேவைதானா? மேடை துடைக்கவும், கை துடைக்கவும், சிந்திய பாலை ஒற்றியெடுக்கவும் பழைய பருத்தி வேட்டியையோ சேலையையோ கிழித்து வைத்த துணியே போதும். துவைத்துக் காயவைத்தால் அது மாதக்கணக்கில் உழைக்கும். மீன், இறைச்சி ஆகியவற்றின் ஈரத்தை ஒற்றுவது, எண்ணெய்ப் பிசுக்கான வாணலியைக் கழுவுவதற்கு முன் துடைப்பது போன்ற சில வேலைகளுக்கு மட்டும் காகிதத்தை ஒதுக்கினால் உங்கள் தேவை பெரிதும் குறைந்துவிடும்.

அப்படிக் குறைத்த பிறகு, துடைத்தவுடன் எறியப்படும் பொருளுக்கு மறுசுழற்சிக் காகிதமே பொருத்தமானது என்பேன். காகித நாரைச் சுமார் ஐந்து முதல் ஏழு முறை வரை மட்டுமே மறுசுழற்சி செய்ய இயலும். ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகிக்கொண்டே வரும். எழுதும் தாளாகவும் அட்டைப்பெட்டியாகவும் உழைத்து முடித்த நாருக்கு இறுதிப் பயன்பாடாக டிஷ்யூ அமைவது நியாயமே. புதிதாக வெட்டிய மரத்தின் நாரை ஒரே துடைப்போடு தூக்கியெறிவதில் அந்த நியாயம் இல்லை.

கரும்புச் சக்கை அடுத்த நல்ல தேர்வு. இதில் நமக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது. தமிழ்நாடு அரசு 1979-இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் தயாரித்து வருகிறது. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தம் கொதிகலன்களில் எரிபொருளாக எரிப்பவை. ஆகவே சக்கையைக் காகிதத்துக்குத் திருப்பினால் அந்த ஆலைக்கு மாற்று எரிபொருள் தர வேண்டியிருக்கும். அது நிலக்கரியாகவும் இருக்கலாம். 'கழிவிலிருந்து வருவதால் பாதிப்பே இல்லை' என்று யாராவது சொன்னால் இதை நினைவில் கொள்ளுங்கள். இருந்தாலும், மரத்தை வெட்டாமல் ஒவ்வோர் அறுவடையிலும் கிடைக்கும் நார் என்பதால் இதற்கு என் ஆதரவு உண்டு.

மூங்கில் வெட்டிய பிறகு வேரடித் தண்டிலிருந்து தானே துளிர்ப்பதால் மீண்டும் நட வேண்டியதில்லை. அதுவே அதன் பெருமை. ஆனால் தயாரிப்பு நாடு எது என்று உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். சீனாவிலிருந்து கப்பலில் வரும் சுருளையும் அருகில் உள்ள ஆலையில் செய்த சுருளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மேலும், 'மூங்கில்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதால் மட்டும் முழுவதும் மூங்கில் நார் என்று ஆகிவிடாது. நூறு விழுக்காடு என்று எழுதியிருக்கிறதா என்பதைக் கவனித்து வாங்குங்கள்.

உறையில் இலைப் படமும் 'பசுமைத் தயாரிப்பு' என்ற சொல்லும் இருக்கின்றன. இவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?
— வாசகர், கோயம்புத்தூர்

படத்தை நம்ப வேண்டாம். சரிபார்க்கத்தக்க எண்ணை நம்புங்கள். காடுகளைப் பொறுப்போடு பராமரிப்பவர்களுக்குச் சான்று தரும் அமைப்பாக 1993-இல் உருவான வனப் பொறுப்பாண்மை மன்றத்தின், அதாவது எஃப்எஸ்சியின், முத்திரையில் மூன்று வகைகள் உண்டு. 'நூறு விழுக்காடு' என்பது முழுவதும் சான்று பெற்ற காடுகளிலிருந்து வந்தது. 'ரீசைக்கிள்டு' என்பது முழுவதும் மறுசுழற்சி நாரால் ஆனது. 'மிக்ஸ்' என்பது இரண்டும் பிறவும் கலந்தது. முத்திரையின் அருகே 'சி' என்ற எழுத்துடன் ஆறு இலக்க உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை மன்றத்தின் இணையப் பட்டியலில் தேடினால் உரிமம் யாருடையது என்பது தெரிந்துவிடும். எண் இல்லாத முத்திரையை வெறும் அலங்காரமாகவே கொள்ள வேண்டும்.

சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களுக்கு முத்திரை தரும் இந்திய அரசின் 'ஈகோமார்க்' திட்டம் 1991-இலேயே தொடங்கியது. மண்பானை அதன் சின்னம். 2024-இல் அதற்குப் புதிய விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அதே ஆண்டு அக்டோபரில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பொய்யான பசுமை விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றின்படி, 'இயற்கைக்கு உகந்தது' என்பது போன்ற பொதுவான சொற்களைப் பயன்படுத்தும் நிறுவனம் அதற்குரிய ஆதாரத்தையும் தர வேண்டும். ஆகவே, நுகர்வோர் சேவை எண்ணை அழைத்து 'எந்த நார், எத்தனை விழுக்காடு, யார் தந்த சான்று' என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

இணையத்தில் 24 சுருள்கள் கொண்ட பொதி மலிவாகக் கிடைக்கிறது. எங்களுடையது ஒரே படுக்கையறை கொண்ட வீடு. மொத்தமாக வாங்கலாமா?
— வாசகி, அம்பத்தூர்

இடத்தை முதலில் கணக்கிடுவோம். 12 சென்டிமீட்டர் விட்டமும் 22 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட 24 சுருள்களை அடுக்கினால் ஏறத்தாழ 76 லிட்டர் இடம் போய்விடும். இது 25 கிலோ அரிசி மூட்டைகள் இரண்டு பிடிக்கும் இடத்தைவிட அதிகம். நகரத்தில் வாடகை கொடுக்கும் ஒவ்வொரு சதுர அடியும் காசுதான் என்னும்போது, அந்தத் தள்ளுபடி உண்மையான தள்ளுபடிதானா என்று யோசிக்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்தச் சுருள்களை இறுக்கி நசுக்கி வைப்பதும் சரியல்ல. டிஷ்யூ ஈரத்தை உறிஞ்சுவது அதன் நார்களுக்கிடையே உள்ள காற்றிடத்தால்தான். நசுங்கினால் உறிஞ்சும் திறன் குறையும்.

விலையை ஒப்பிடும்போது சுருளின் எண்ணிக்கையையோ தாளின் எண்ணிக்கையையோ மட்டும் பார்க்காமல், பரப்பளவைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 22-க்கு 20 சென்டிமீட்டர் அளவில் 60 தாள்கள் கொண்ட சுருளின் பரப்பு 2.64 சதுர மீட்டர். அதன் விலை 80 ரூபாய் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 30 ரூபாய் ஆகிறது. 20-க்கு 18 அளவில் 80 தாள்கள் கொண்ட சுருளின் பரப்பு 2.88 சதுர மீட்டர். அது 100 ரூபாய் என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 35 ரூபாய். தாள்கள் அதிகமாக இருந்தும் இரண்டாவதுதான் விலை கூடியது. இரண்டும் ஒரே எண்ணிக்கையிலான அடுக்குகள் கொண்டவையா என்பதையும் பார்த்த பிறகே இந்தக் கணக்கு செல்லும்.

என் பரிந்துரை: ஒரு மாதத் தேவையும் அதற்குமேல் ஒரு சுருளும் போதும். மொத்த விலையின் பயன் வேண்டுமானால், அடுக்ககத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பொதியை வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் காகிதமெல்லாம் நமத்துப்போகிறது. வெள்ளிநிறப் பூச்சியும் வருகிறது. அந்துருண்டை போடலாமா?
— வாசகி, நாகப்பட்டினம்

வேண்டவே வேண்டாம். அந்துருண்டையின் நாப்தலீன் ஆவி காகிதத்தில் ஏறி, அதைக் கொண்டு துடைக்கும் தட்டுக்கும் முகத்துக்கும் வந்து சேரும். பச்சிளங்குழந்தைகளுக்கு, அதிலும் ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது.

நீங்கள் குறிப்பிடுவது இராமபாணப் பூச்சி. மாவுப்பொருளும் பசையும் காகித நாரும் அதன் உணவு. ஈரமான காற்றும் இருட்டும் அதன் வாழிடம். ஆகவே பூச்சியைக் கொல்வதைவிட ஈரத்தைக் குறைப்பதே வழி. கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் நாள் முழுவதும் மிகுந்திருக்கும். ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரி காலியாகத்தான் இருக்கிறது என்று பலரும் அங்கேயே காகிதத்தை வைக்கிறார்கள். வீட்டிலேயே மோசமான இடம் அதுதான்: குழாய்க் கசிவு, கழிவுநீரின் ஆவி, கரப்பான் பூச்சி ஆகிய மூன்றும் அங்கே கூடுகின்றன. வெளிச்சுவரை ஒட்டிய அடுக்கும் கூடாது. மழைநீர் ஊறும் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வையுங்கள். உள்சுவரில் உள்ள பரண் நல்ல இடம். மேல்தள வீடாக இருந்தால் மட்டும் கூரையில் ஒழுகல் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில் வைப்பதானால், தரையில் படாமல் பலகை மேல் வைக்க வேண்டும்; கரையான் பெரும்பாலும் தரை வழியாகத்தான் வரும்.

மூடிய பெட்டியில் வைப்பதாக இருந்தால் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. நமத்த காகிதத்தை அப்படியே காற்றுப்புகாப் பெட்டியில் அடைத்தால், ஈரமும் சேர்ந்து உள்ளேயே சிறைப்படும். ஒரு வெயில் நாளில் சில மணி நேரம் உலரவிட்டு, சூடு தணிந்தபின் மூடுங்கள். அட்டைப்பெட்டியோடு சேர்த்து வைக்காதீர்கள். அதன் ஒட்டுப் பசையைத் தேடித்தான் இராமபாணம் முதலில் வருகிறது.

பூச்சியை விரட்ட நம் முன்னோர் வைத்த வழியே இருக்கிறது. ஏட்டுச் சுவடிகளைக் காக்க வசம்பைப் பயன்படுத்தினார்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை ஆகியவற்றின் பொடியோடு கற்பூரம் சேர்த்துச் சிறு முடிச்சுகளாக வைக்கும் பழக்கம் உண்டு. உங்கள் அலமாரிக்குத் துணியில் முடிந்த இரண்டு துண்டு வசம்பே போதும். அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். காகிதம் எந்த மணத்தையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும் என்பதால் பினாயில், சோப்புத்தூள், ஊதுவத்தி ஆகியவற்றை அதே அடுக்கில் வைக்க வேண்டாம். அடுப்புக்கும் பூசை விளக்குக்கும் அருகில் காகிதம் இருக்கவே கூடாது.

பழுப்பு நிறத் தாள் வெள்ளைத் தாளைவிட நல்லதா?
— வாசகர், சேலம்

பெரும்பாலும் ஆம். வெளுப்பு வேலை குறைவதால் வேதிப்பொருளும் நீரும் மிச்சம். குளோரின் வாயுவால் வெளுத்த பழைய முறையில் டையாக்சின் என்னும் நச்சு உண்டானது. இன்று பல ஆலைகள் குளோரின் டையாக்சைடுக்கும், வேறு சில ஆக்சிஜன், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றுக்கும் மாறிவிட்டன. ஆனால் நிறம் ஒன்றே அளவுகோல் ஆகாது. புது மரத்தில் செய்த பழுப்புத் தாளைவிட மறுசுழற்சியில் செய்த வெள்ளைத் தாளையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பழைய செய்தித்தாளை பஜ்ஜி, வடை எண்ணெய் வடிக்கப் பயன்படுத்தினால் புதுக் காகிதம் மிச்சமாகாதா?
— வாசகி, விழுப்புரம்

உங்கள் சிக்கன எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் உணவில் மட்டும் அது கூடாது. அச்சு மை சூடான எண்ணெயில் கரைந்து பலகாரத்தில் இறங்கும். உணவைச் செய்தித்தாளில் பொதிவதையும் பரிமாறுவதையும் உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பொதிவு விதிமுறைகள் தடை செய்கின்றன. எண்ணெய் வடிக்கக் காகிதமே தேவையில்லை: ஜல்லிக் கரண்டியில் எடுத்து, துளையிட்ட எவர்சில்வர் வடிதட்டில் சற்று நேரம் வைத்தால் எண்ணெய் கீழே இறங்கிவிடும், அதை மீண்டும் தாளிக்கவும் பயன்படுத்தலாம்.

செய்தித்தாளுக்குச் சிறந்த இடம் பழைய பேப்பர் கடைதான். உணவுக் கறை படியாமல், நனையாமல் கட்டி, மாதம் ஒருமுறை போட்டுவிடுங்கள்; வீட்டில் இடமும் கிடைக்கும், ஆலைக்கு நல்ல நாரும் போய்ச் சேரும். கடை ரசீதுகளை மட்டும் அந்தக் கட்டில் சேர்க்காதீர்கள். வெப்பத்தால் அச்சாகும் அந்தத் தாளில் பெரும்பாலும், உடலின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடிய பிஸ்பினால் வகை வேதிப்பொருள்கள் பூசப்பட்டிருக்கும். மறுசுழற்சியில் கலந்தால் அவை டிஷ்யூவாகத் திரும்பி நம் கைக்கே வரும்.

விருந்தினர் வந்தால் காகிதத் தட்டும் குவளையும் வைப்பது பிளாஸ்டிக்கைவிட மேல்தானே?
— வாசகர், மதுரை

பல காகிதக் குவளைகளின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் பூசியவை. சூடான காபியில் அதன் நுண்துகள்கள் கலக்கும். பிளாஸ்டிக் பூசிய தட்டுகளும் குவளைகளும் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடையில் உள்ளன. வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் இருக்கும்போது இந்தச் செலவு எதற்கு?

பயன்படுத்திய டிஷ்யூவைக் கழிவறையில் போட்டு நீர் விடலாமா? மாடித்தோட்ட உரத்தில் சேர்க்கலாமா?
— வாசகி, திருச்சிராப்பள்ளி

கழிவறைத் தாள் மட்டுமே நீரில் பிரிந்து கரையும் வகையில் செய்யப்படுகிறது. சமையலறைச் சுருளில் நனைந்தாலும் கிழியாதிருக்கப் பிசின் சேர்க்கிறார்கள். முகம் துடைக்கும் டிஷ்யூவும் எளிதில் பிரியாது. இரண்டும் குழாயை அடைக்கும், மலத்தொட்டியை நிரப்பும். ஈரத் துடைப்பான்களில் பல பாலியெஸ்டர் கலந்தவை. அவை காகிதமே அல்ல.

உரத்துக்கு, உணவும் சமையல் எண்ணெயும் லேசாகப் பட்ட டிஷ்யூவைத் தாராளமாகச் சேர்க்கலாம். காய்கறிக் கழிவு ஒரு பங்கு என்றால், சருகு, தென்னைநார்த் தூள், கிழித்த காகிதம் ஆகிய உலர் பொருள் ஏறத்தாழ இரண்டு பங்கு இருக்க வேண்டும். அப்போதுதான் வாடை அடிக்காது. தாளை விரலகலத் துண்டுகளாகக் கிழித்துப் போடுங்கள்; கசக்கி உருட்டிப் போட்டால் உள்ளே காற்றுப் புகாமல் அப்படியே கிடக்கும். பினாயில் பட்டதையும், சளி துடைத்ததையும், இறைச்சி நீர் ஒற்றியதையும், சிலிக்கோன் பூசிய பட்டர் பேப்பரையும் உரத்தொட்டியில் போட வேண்டாம். சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாயை எறிந்துவிடாதீர்கள்: அடியை மடித்து மண் நிரப்பினால் தக்காளி, கத்தரி நாற்று விடலாம், நாற்று வளர்ந்ததும் குழாயோடு சேர்த்தே தொட்டியில் நட்டுவிடலாம்.